மூன்று கைப்பிடி மண்: மறுமை நாளைப் பற்றிப் புதிதாகப் படிக்க உட்காருகிறவர்களுக்கு

போன வருடம் எங்கள் ஊர் மையவாடியில், அதாவது முஸ்லிம்களின் அடக்கத்தலத்தில், ஒரு நல்லடக்கம். ராமநாதபுரம் கடற்கரையில் எந்த முஸ்லிம் வீட்டில் மவுத்து (சாவு) என்றாலும் பக்கத்துத் தெரு இந்துக்களும் கிறிஸ்தவர்களும் வந்து நிற்பார்கள். அன்றைக்கு வந்தவர்களில் ஒருவர், மீன் ஏலம் விடுகிற இடத்தில் எடை போடும் தம்பி. சந்தூக்கிலிருந்து (பாடை) மையித்தை (இறந்தவரின் உடல்) இறக்கியதும் எல்லோரும் ஆளுக்கு மூன்று கைப்பிடி மண் எடுத்துப் போட்டார்கள். அவரும் போட்டார். கபுறை (குழியை) மூடி முடித்த பிறகு பள்ளிவாசல் இமாமான ஹஜ்ரத் தலைமாட்டில் உட்கார்ந்து, உள்ளே கிடப்பவரைக் கூப்பிட்டுப் பேச ஆரம்பித்தார். தம்பி கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி நடக்கும்போது கேட்டார்: "பாய், செத்தவர்கிட்ட அவரு என்ன சொன்னாரு? மண்ணு போடும்போது எல்லாரும் வாய்க்குள்ள என்னமோ முணுமுணுத்தீங்களே, அது என்ன?"

முதல் கேள்விக்கு அங்கேயே பதில் சொல்லிவிட்டேன். அதற்குத் தல்கீன் என்று பெயர். ஷாஃபி மத்ஹபை (இஸ்லாமியச் சட்டப் பள்ளிகளில் ஒன்று) பின்பற்றும் நம் கடற்கரை ஊர்களில் அடக்கம் முடிந்ததும் ஓதுவார்கள். இரண்டு மலக்குகள் (வானவர்கள்) வந்து உன் இறைவன் யார், உன் மார்க்கம் எது, உன் நபி யார் என்று கேட்பார்கள், கலங்காமல் பதில் சொல் என்று இறந்தவருக்கு எடுத்துக் கொடுப்பது. இரண்டாவது கேள்விக்கான பதிலை மட்டும் தள்ளிப்போட்டேன். அது விளங்க வேண்டுமென்றால் முதலில் கொஞ்சம் படிக்க வேண்டும். அவருக்கு நான் சொல்லிக்கொடுத்த வரிசைதான் இது. புதிதாக இஸ்லாத்துக்கு வந்தவருக்கும், சின்ன வயதில் மதரஸாவில் ஓதியதோடு விட்டுவிட்டவருக்கும் இதே வரிசை ஒத்துவரும். நான் ஆலிம், அதாவது மார்க்க அறிஞர், இல்லை. நிறைய இடத்தில் முட்டிமோதி, தப்பான முனையில் ஆரம்பித்து, அப்புறம் வழி கண்டுபிடித்தவன்.

முதலில் கையில் இருக்க வேண்டியவை

ஒரு தமிழ்க் குர்ஆன் மொழிபெயர்ப்பு, முடிந்தால் இரண்டு. ஒரே வசனத்தை இரண்டு பேர் எப்படித் தமிழாக்கியிருக்கிறார்கள் என்று பார்த்தாலே பாதி சந்தேகம் தீரும். ஒரு நோட்டு, ஒரு பேனா. குர்ஆனில் 114 சூராக்கள், அதாவது அத்தியாயங்கள். 99:7 என்று எழுதியிருந்தால் 99ஆவது சூராவின் 7ஆவது வசனம் என்று பொருள்.

அடுத்தது சொற்கள். பயான்களில் (மார்க்கச் சொற்பொழிவுகளில்) காதில் விழுகிறவை ஒருவிதம், புத்தகத்தில் அச்சாகியிருப்பவை ஒருவிதம். கியாமத் நாள் என்றால் எழுந்து நிற்கும் நாள். ஆகிரத், மறுமை இரண்டும் ஒன்றே. இறப்புக்கும் எழுப்பப்படுவதற்கும் இடையில் உள்ள தடுப்பு பர்ஸக், அது 23:100இல் வருகிறது. எல்லோரும் ஒன்று திரட்டப்படும் வெளி மஹ்ஷர். ஊதப்படும் கொம்பு ஸூர். தராசு மீஸான். கணக்கு ஹிஸாப். நரகத்தின் மேல் உள்ள பாலம் சிராத். 'கபுறு', 'கப்ரு', 'கப்று' என்று மூன்று விதமாக எழுதியிருந்தால் குழம்ப வேண்டாம், மூன்றும் குழிதான்.

பாதிப் பேர் கவனிக்காமல் விடுகிற ஒன்று இருக்கிறது. இந்த நாளின் பெயரை ஒரு தொழுகையாளி தினமும் குறைந்தது 17 தடவை சொல்கிறார். ஐவேளைக் கடமையான தொழுகையில் 17 ரக்அத் (தொழுகையின் ஒரு சுற்று). ஒவ்வொன்றிலும் குர்ஆனின் முதல் சூராவான அல்ஹம்து, அதில் 'மாலிகி யவ்மித்தீன்', கூலி கொடுக்கும் நாளின் அதிபதி. மறுமை என்பது முஸ்லிமுக்கு வெள்ளிக்கிழமை பயானில் மட்டும் எட்டிப் பார்க்கிற விஷயம் இல்லை.

எது எங்கிருந்து வருகிறது என்று பிரித்து வையுங்கள்

நோட்டில் மூன்று பத்தி போடுங்கள். முதல் பத்தி குர்ஆன். இரண்டாவது ஹதீஸ், அதாவது நபியின் சொல், செயல் பற்றிய அறிவிப்புகள். மூன்றாவது, ஊரில் கேட்டது. இந்த மூன்றையும் கலந்துவிட்டால் அப்புறம் பிரிப்பது பெரும்பாடு.

உதாரணத்துக்கு, ஸூர் ஊதப்படும் என்பது குர்ஆன். ஊதுகிறவர் பெயர் இஸ்ராஃபீல் என்று எல்லோரும் சொல்கிறோம், அந்தப் பெயர் குர்ஆனில் இல்லை. கபுறில் கேள்வி கேட்கும் முன்கர், நகீர் என்ற பெயர்களும் குர்ஆனில் இல்லை, திர்மிதியின் ஹதீஸ் தொகுப்பில் வருகின்றன. சிராத் பாலம் முடியை விட மெல்லியது, வாளை விடக் கூரானது என்று சின்ன வயதில் உம்மா சொல்லிக் கேட்டு நடுங்கியிருக்கிறேன். இமாம் முஸ்லிம் என்பவரின் ஹதீஸ் தொகுப்பில் நபித்தோழர் அபூ ஸயீத் அதை 'எனக்கு எட்டிய செய்தி' என்று சொல்வதாக இருக்கிறது. குர்பானி கொடுத்த ஆடு அந்தப் பாலத்தில் நம்மைச் சுமந்து போகும் என்று ஒவ்வொரு ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் யாராவது சொல்வார்கள். ஹதீஸ்கலை அறிஞர்கள் அதைப் பலவீனமானது என்று ஒதுக்கியிருக்கிறார்கள். அது மூன்றாம் பத்திக்குப் போகட்டும். சொன்னவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், நோட்டில் சரியான இடத்தில் எழுதினால் போதும்.

வாசிப்பைக் கடைசியிலிருந்து ஆரம்பியுங்கள்

குர்ஆனை முதல் பக்கத்திலிருந்து தொடங்கினால் இந்த விஷயம் அங்கங்கே சிதறித்தான் கிடைக்கும். அதனால் 30ஆவது பாகத்தைத் திறங்கள். நம் பக்கம் அம்ம ஜுஸு என்பார்கள். 78 முதல் 114 வரை 37 சின்னச் சூராக்கள். மறுமையைப் பற்றிய மிகச் சுருக்கமான, மிகச் சூடான வரிகள் இங்கேதான் இருக்கின்றன.

முதலில் 99, எட்டே வசனங்கள். பூமி அதிர்கிறது. தன் சுமைகளை வெளியே தள்ளுகிறது. மனிதன், 'இதுக்கு என்ன ஆச்சு?' என்று கேட்கிறான். பூமி தன் மேல் நடந்ததையெல்லாம் சொல்லத் தொடங்குகிறது. கடைசி இரண்டு வசனங்கள்: அணுவளவு நன்மை செய்தவரும் அதைக் காண்பார், அணுவளவு தீமை செய்தவரும் அதைக் காண்பார்.

அடுத்து 101. அந்த நாளில் மனிதர்கள் சிதறிய விட்டில்களைப் போல் இருப்பார்கள், மலைகள் கொட்டிப் பிரித்த கம்பளி போல் ஆகும் என்கிறது. ஐப்பசியில் முதல் மழை விட்ட ராத்திரி திண்ணை விளக்கைச் சுற்றி ஈசல் மொய்ப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த உவமைக்கு விளக்கவுரை தேவைப்படாது. எது எங்கே போகிறதென்று எதற்கும் தெரியாது. உடனே அடுத்த வசனங்களில் தராசு வந்துவிடுகிறது: யாருடைய எடை கனத்ததோ அவர் பிழைத்தார், யாருடையது லேசானதோ அவர் விழுந்தார்.

அப்புறம் 81, 82. சூரியன் சுருட்டப்படும், நட்சத்திரங்கள் உதிரும், கடல்கள் கொதித்தெழும், கபுறுகள் புரட்டப்படும். இவ்வளவு பெரிய காட்சிகளுக்கு நடுவே 81:8-9 ஒரு சின்னக் குழந்தையிடம் திரும்புகிறது. உயிரோடு புதைக்கப்பட்ட பெண் குழந்தையிடம் கேட்கப்படும், எந்தக் குற்றத்துக்காக நீ கொல்லப்பட்டாய் என்று. கொன்றவனிடம் பேசுவதற்கு முன் குழந்தையிடம் பேச்சு. நான் முதல்முறை பொருள் தெரிந்து படித்தபோது அங்கேயே புத்தகத்தை மூடிவிட்டேன். அவசரப்படாதீர்கள், ஒரு நாளைக்கு ஒரு சூரா போதும்.

83இல் நிறுத்தி நிதானமாக இருங்கள்

எடை போடும் தம்பிக்கு நான் இதைத்தான் முதலில் காட்டியிருக்க வேண்டும் என்று பிறகு தோன்றியது. 83ஆவது சூராவின் பெயரே அளவில் குறைப்பவர்கள். பிறரிடம் அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்குவார்கள், தாங்கள் அளந்தோ நிறுத்தோ கொடுக்கும்போது குறைப்பார்கள், அவர்களுக்குக் கேடுதான் என்று தொடங்குகிறது. அடுத்த கேள்வி: ஒரு மகத்தான நாளுக்காக எழுப்பப்படுவோம் என்று இவர்கள் எண்ணிப் பார்க்கவில்லையா?

கவனியுங்கள். மீன் கரையிலும் கருவாட்டுக் கடையிலும் நடக்கிற ஒரு சின்னத் தில்லுமுல்லு நேராக உயிர்த்தெழுதலோடு கட்டப்படுகிறது. இதைப் படித்த அன்று தம்பி வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் அவராகவே சொன்னார்: கூடை காயாமல் ஈரமாக இருந்தால் அரைக் கிலோ கூடும். வாங்குகிறவர் கூடைக்கென்று கழிக்கும் எடை எப்போதும் கூடையின் உண்மையான எடையை விட அதிகம். தட்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஐஸை யாரும் தட்டிவிடுவதில்லை. "இதெல்லாம் கணக்குல வருமா பாய்?" என்றார். 21:47ஐத் திறந்து கொடுத்தேன். நீதியின் தராசுகளை வைப்போம், யாருக்கும் கொஞ்சமும் அநீதி இருக்காது, ஒரு கடுகு மணி எடையாக இருந்தாலும் அதைக் கொண்டுவருவோம் என்று இருக்கிறது. கடுகு மணி அவர் கடைத் தராசில் காட்டாது.

இதோடு சேர்த்து ஒரு ஹதீஸைப் படியுங்கள். முஸ்லிம் தொகுப்பில் இருக்கிறது. ஓட்டாண்டி யார் தெரியுமா என்று நபி கேட்கிறார். காசும் பொருளும் இல்லாதவர் என்கிறார்கள் தோழர்கள். இல்லை, தொழுகை, நோன்பு, ஸகாத் எல்லாவற்றோடும் மறுமையில் வருவார், ஆனால் ஒருவரைத் திட்டியிருப்பார், ஒருவர் மேல் அவதூறு சொல்லியிருப்பார், ஒருவர் பொருளைத் தின்றிருப்பார், ஒருவரை அடித்திருப்பார். அவருடைய நன்மைகளை எடுத்து அவர்களுக்குக் கொடுப்பார்கள். நன்மை தீர்ந்துபோனால் அவர்களுடைய பாவங்களை எடுத்து இவர் மேல் போடுவார்கள், கடைசியில் நரகத்தில் எறியப்படுவார்.

நம் ஊர் ஜனாஸாவில் (இறுதிச் சடங்கில்) தொழுகைக்கு முன் மையித்தின் மகனோ தம்பியோ எழுந்து, "வாப்பாவுக்குக் கொடுக்கல் வாங்கல் யாருக்காவது இருந்தா எங்ககிட்ட வாங்கிக்குங்க, மனசு நோக நடந்திருந்தா மன்னிச்சுக்குங்க" என்று சொல்வது இதனால்தான். பலர் அதைச் சம்பிரதாயம் என்று நினைக்கிறார்கள். கடன்பட்டு இறந்தவருக்கு, வேறொருவர் அந்தக் கடனுக்குப் பொறுப்பேற்கும் வரை நபி தொழவைக்காமல் நின்ற சம்பவம் இமாம் புகாரியின் ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது.

"மக்கிப்போன எலும்பு எப்படி எழும்?"

இந்தக் கேள்வி உங்களுக்கு வந்தே தீரும். வெட்கப்பட வேண்டாம், குர்ஆனே அதைப் பதிவுசெய்திருக்கிறது. 36:78இல் ஒருவன், உளுத்துப்போன எலும்புகளுக்கு யார் உயிர் கொடுப்பது என்கிறான். முதல் தடவை படைத்தவன் எவனோ அவனே என்று அடுத்த வசனம். 36 என்றால் யாசீன். வீடுகளில் மவுத்தானவர்களுக்காக ஓதி ஓதிக் காதில் பழகிய சூரா. பொருளோடு ஒருமுறை படித்துப் பாருங்கள், பாதிச் சூரா இதே வழக்கைத்தான் பேசுகிறது. 75:3-4 இன்னும் நுணுக்கமாக, எலும்புகளை மட்டுமல்ல, விரல் நுனிகளையும் சரிப்படுத்துவோம் என்கிறது.

குர்ஆன் அடிக்கடி எடுக்கும் சான்று மழை. 22:5, 35:9, 41:39, 50:11 நான்கையும் அடுத்தடுத்துப் படியுங்கள். வறண்டு கிடக்கும் நிலம், அதன்மேல் தண்ணீர் இறங்கியதும் அசைந்து உப்பி முளைக்கிறது, எழுப்பப்படுவதும் இப்படியே. நம் மாவட்டத்துக்காரனுக்கு இது பாடப்புத்தகச் சமாச்சாரம் இல்லை. ஆடி மாதம் கண்மாய்க்குள் இறங்கி நடந்தால் வெடிப்புக்குள் குதிகால் மாட்டும். சேறு ஓடாகக் காய்ந்து, மிதித்தால் நொறுங்கும். வடகிழக்குப் பருவமழை ஒரு வாரம் பெய்த பிறகு அதே இடத்தில் கோரை தலைகாட்டும், தவளை கத்தும். பத்து மாதமாக அந்தத் தவளை எங்கே இருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

அடுத்தது கடலோடி வீடுகளில் மட்டும் கேட்கப்படும் கேள்வி. உடம்பே கிடைக்காவிட்டால்? மன்னார் வளைகுடாவிலோ பாக் நீரிணையிலோ போனவர் திரும்பாத வீடுகள் நம் கரையில் இருக்கின்றன. கபுறு இல்லை, மையித்து இல்லை, காயிப் ஜனாஸா (உடல் இல்லாமல் தொழும் இறுதித் தொழுகை) மட்டும் தொழுதிருப்பார்கள். அந்த வீட்டு ராத்தா (அக்கா) ஒருவர் என்னிடம் ஹதீஸைக் கேட்கவில்லை, "மீன் தின்னிருக்குமே தம்பி" என்று மட்டும் சொன்னார்.

அவருக்கு நான் படித்துக் காட்டியது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள ஓர் அறிவிப்பு. முந்தைய காலத்து மனிதர் ஒருவர், தன்னைப் பாவி என்று நினைத்து, இறக்கும்போது பிள்ளைகளிடம் சொல்கிறார்: என்னை எரித்துச் சாம்பலாக்கி, பாதியைத் தரையிலும் பாதியைக் கடலிலும் தூவிவிடுங்கள், இறைவன் கையில் அகப்பட்டால் என் கதி அவ்வளவுதான். பிள்ளைகளும் அப்படியே செய்தார்கள். இறைவன் கடலுக்குக் கட்டளையிட்டான், அது தன்னிடம் இருந்ததைச் சேர்த்துக் கொடுத்தது. தரையும் கொடுத்தது. ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டான். உனக்குப் பயந்து என்றார். மன்னித்துவிட்டான். நீரில் மூழ்கி இறந்தவர் ஷஹீதின் (தியாகியின்) பட்டியலில் வருகிறார் என்பதும் அதே இரண்டு தொகுப்புகளில் உண்டு. ராத்தா, "கடல் குடுத்திருமா அப்ப" என்று ஒருமுறை கேட்டுக்கொண்டார்.

அந்த நாளின் வரிசை

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். குர்ஆன் இதை முதலிலிருந்து கடைசி வரை ஒரே இடத்தில் கதையாகச் சொல்வதில்லை. பின்னால் வந்த அறிஞர்கள் வசனங்களையும் ஹதீஸ்களையும் வைத்து வரிசைப்படுத்தினார்கள். ஸூர் இரண்டு தடவை ஊதப்படும் (39:68): முதல் ஊதலில் எல்லாம் மாயும், இரண்டாவதில் எழுவார்கள். மஹ்ஷரில் கூட்டம். செயலேடு வலக்கையிலோ இடக்கையிலோ கொடுக்கப்படும். 69:19இல் வலக்கையில் வாங்கியவர், 'இந்தாங்க, என் ஏட்டைப் படிச்சுப் பாருங்க' என்று பரீட்சையில் தேறிய பையன் மாதிரி காட்டுவார். 17:14இல் 'உன் ஏட்டை நீயே படி, இன்று உன் கணக்கைப் பார்க்க நீயே போதும்' என்று வருகிறது. பிறகு மீஸான், சிராத், சொர்க்கம் அல்லது நரகம். வாய் பூட்டப்பட்டுக் கைகள் பேசும், கால்கள் சாட்சி சொல்லும் என்பது 36:65.

அந்த ஏடு சாவோடு மூடப்படுவதில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். செய்து அனுப்பியதோடு விட்டுச்சென்ற தடங்களையும் எழுதுகிறோம் என்கிறது 36:12. நிலையான தர்மம், பயன் தரும் கல்வி, துஆ (பிரார்த்தனை) செய்யும் நல்ல பிள்ளை மூன்றும் இறந்த பின்னும் சேரும் என்று ஹதீஸ். 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்று கீழக்கரை வள்ளலைச் சொல்கிறோமே, அது கொடுத்த கை பற்றிய பழமொழி. ஏட்டில் வரவு வைப்பது பற்றியும் யாராவது ஒரு பழமொழி செய்திருக்கலாம்.

80:34-37ஐ மட்டும் தனியாகப் படியுங்கள். அன்று மனிதன் தன் சகோதரனை விட்டு, உம்மாவையும் வாப்பாவையும் விட்டு, மனைவி மக்களை விட்டு ஓடுவான். எல்லோரும் ஆடையின்றி எழுப்பப்படுவார்கள் என்று கேட்ட நபியின் மனைவி ஆயிஷா நாயகி, ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் பார்ப்பார்களே என்றார். அதைக் கவனிக்க முடியாத அளவுக்கு நிலைமை கடுமையாக இருக்கும் என்று நபியின் பதில். எனக்குப் பிடித்த ஹதீஸ்களில் இது ஒன்று. கேட்க நினைத்ததைக் கேட்டுவிடலாம் என்ற தைரியம் அதில் இருக்கிறது.

பரிந்துரை, அதாவது ஷஃபாஅத் பற்றி நம் பகுதியில் வாக்குவாதம் அதிகம். ஏர்வாடி தர்காவுக்குப் போகிறவர் ஒன்று சொல்வார், போகாதவர் வேறொன்று சொல்வார். நீங்கள் புதியவர், இடையில் போய் நிற்காதீர்கள். 2:255ஐயும் (அவன் அனுமதியின்றி அவனிடம் யார் பரிந்துபேச முடியும்?), மக்கள் ஆதமிடம் தொடங்கி நபி நபியாகப் போய்க் கடைசியில் முஹம்மது நபியிடம் வந்து நிற்கும் நீண்ட ஹதீஸையும் முதலில் படியுங்கள். ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்க மாட்டார் என்ற வரி 6:164, 17:15, 35:18, 39:7, 53:38 என ஐந்து இடத்தில் வருவதையும் பக்கத்தில் எழுதுங்கள். சண்டை அப்புறம்.

தேதி பார்க்காதீர்கள்

நான் ஆரம்பித்த தப்பான முனை இதுதான். தஜ்ஜால், யஃஜூஜ் மஃஜூஜ் (கடைசிக் காலத்தில் வெளிப்படுவதாகச் சொல்லப்படுபவர்கள்), 'கியாமத் நெருங்கிவிட்டது' என்று செல்போனில் வரும் வீடியோக்கள். ஒரு வருடம் அதிலேயே போனது, 83ஆவது சூரா இருப்பதே எனக்குத் தெரியவில்லை. அடையாளங்கள் பற்றிய ஹதீஸ்கள் உண்டு, படிக்கத்தான் வேண்டும், ஆனால் கடைசியில். அந்த நேரத்தின் அறிவு இறைவனிடம் மட்டுமே என்கிறது 7:187. வானவர் ஜிப்ரீல் மனித உருவில் வந்து அது எப்போது என்று கேட்டபோது நபி சொன்ன பதில்: கேட்கப்படுபவர் கேட்பவரை விட அதிகம் அறிந்தவர் அல்ல. இன்னொருவர் அதே கேள்வியைக் கேட்டார். அவரிடம், அதற்காக என்ன தயார் செய்திருக்கிறாய் என்று திருப்பிக் கேட்டார்.

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனதை நேரில் பார்த்த பெரியவர்கள், கடல்கள் பொங்கும் என்று 82:3ஐக் கேட்டால் கண்ணை மூடிக்கொள்வார்கள். ரயிலோடு ஆட்களைக் கொண்டுபோன தண்ணீர் அது. வசனம் அவர்களுக்கு விளங்குகிற அளவு நமக்கு விளங்காது. ஆனால் அவர்கள் யாரும் அதை வைத்துத் தேதி குறிக்கவில்லை.

எப்போது படிப்பது, யாரிடம் கேட்பது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஏலக்கடை தூங்கும். தம்பி அந்த நாட்களில்தான் படித்தார். 37 சூராக்களுக்கு 37 நாள், மீதி நாட்களில் 36, 56, 69, 75. உங்களுக்கு வேறு தொழில் என்றால் மஃரிபுக்கும் இஷாவுக்கும் (அந்தி, இரவுத் தொழுகைகள்) இடையிலான நேரம் போதும்.

சந்தேகங்களை நோட்டில் சேர்த்து வைத்து அஸர் (பிற்பகல்) தொழுகைக்குப் பிறகு ஹஜ்ரத்தைப் பாருங்கள், அப்போது கொஞ்சம் ஓய்வாக இருப்பார். முஸ்லிம் அல்லாதவரும் கேட்கலாம், பள்ளிவாசல் வாசலில் மோதினாரிடம் (பாங்கு சொல்பவரிடம்) சொன்னால் கூப்பிட்டு விடுவார். வசன எண்ணோடு கேளுங்கள். 'மறுமையைப் பத்திச் சொல்லுங்க' என்றால் ஒரு மணி நேரப் பயான்தான் கிடைக்கும். '56:7இல் மூன்று கூட்டம் என்றிருக்கே, யார் யார்?' என்று கேட்டால் பதில் கிடைக்கும்.

தடைக்காலம் முடிந்து படகுகள் இறங்கிய வாரம் தம்பி வந்தார். "மண்ணு விஷயத்தை இன்னும் சொல்லலையே பாய்" என்றார். 20:55ஐ எடுத்து அவரையே படிக்கச் சொன்னேன். ஒரே வசனம், அதை மூன்றாகப் பிரித்துத்தான் ஓதுவோம். முதல் கைப்பிடிக்கு: இதிலிருந்தே உங்களைப் படைத்தோம். இரண்டாவதற்கு: இதற்குள்ளேயே உங்களைத் திருப்பி அனுப்புவோம். மூன்றாவது கைப்பிடி விழும்போது: இதிலிருந்தே உங்களை இன்னொரு முறை வெளியே கொண்டுவருவோம்.